வேலை போனால் கூலி மட்டுமா போகிறது?

(இந்த மாதப் பாடம். குழுக் கூட்டத்தில் ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் கேட்டு, பிறகு எல்லோரும் சேர்ந்து பேசுவதற்காக.)



போன வருஷம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சேமிப்பு வசூல் முடிந்து, தவணை வரவு எழுதி, நோட்டுகளை மூடும் நேரத்தில் ஒரு அக்கா கண் கலங்கினார். அவர் கணவர் வேலை பார்த்த நூல் மில் மூடி நாலு மாதம் ஆகியிருந்தது. "காலையில திண்ணையில உக்காந்தா ராத்திரி வரைக்கும் அங்கேயேதான். ஒரு குடம் தண்ணி எடுத்து வைக்கச் சொன்னாக்கூட மறந்துட்டேங்கிறாரு. முன்னாடி மில்லு வேலையையும் பார்த்து, வந்து மாட்டையும் பார்த்த மனுசன். இப்ப சோம்பேறி ஆயிட்டாரு" என்றார்.

நாங்களும் குழுவும் சேர்ந்து என்ன சொன்னோம் தெரியுமா? "கொஞ்சம் கண்டிப்பா பேசுங்கக்கா. அப்பத்தான் ரோஷம் வரும்" என்றோம். அவரும் பேசினார். வீட்டில் சண்டை பெரிதானதுதான் மிச்சம். அடுத்த இரண்டு கூட்டங்களுக்கு அந்த அக்காவே வரவில்லை. தவணை கட்ட முடியாத வெட்கம் என்று சிலர் சொன்னார்கள். திமிர் என்றும் சிலர் சொன்னார்கள்.

நாம் சொன்ன ஆலோசனை தவறு. அதை எங்களுக்குப் புரிய வைத்தது ஒரு பெண் அறிஞரின் ஆய்வு. வேலை மனிதருக்கு என்ன தருகிறது, வேலை போனால் மனசுக்கு என்ன ஆகிறது என்ற கேள்வியோடு தன் வாழ்நாள் முழுக்க வாழ்ந்தவர் அவர். அவர் கதையைத்தான் இந்த மாதம் படிக்கப் போகிறோம்.

யார் இந்த மரீ யஹோடா?

ஐரோப்பாவில் ஆஸ்திரியா என்று ஒரு சின்ன நாடு. அதன் தலைநகரம் வியன்னா. அங்கே 1907-ல் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர் மரீ யஹோடா. உளவியல் படித்தார். உளவியல் என்றால் மனித மனசையும் நடத்தையையும் ஆராயும் படிப்பு. கணவர் பால் லாசர்ஸ்ஃபெல்டும் அதே துறை. கைக்குழந்தையை வைத்துக்கொண்டுதான் அவர் டாக்டர் பட்டத்துக்குப் படித்தார்.

அப்போது உலகம் முழுக்கப் பெரிய பொருளாதார மந்தம். ஆலைகள் வரிசையாக மூடப்பட்டன. லாசர்ஸ்ஃபெல்ட் முதலில் தொழிலாளர்களின் ஓய்வு நேரத்தைப் பற்றி ஆய்வு செய்ய நினைத்தார். ஒட்டோ பவர் என்ற தொழிலாளர் கட்சித் தலைவர் அதைக் கேட்டுக் கடிந்துகொண்டார். ஊரே வேலை இல்லாமல் தவிக்கும்போது ஓய்வு நேரத்தைப் பற்றியா ஆய்வு, வேலையின்மையைப் பற்றிச் செய்யுங்கள் என்று அனுப்பினார். அப்படித்தான் அந்தக் குழு மரியன்தால் என்ற ஊருக்குப் போனது.

மரியன்தால்: ஒரே ஆலையை நம்பிய ஊர்

மரியன்தால் வியன்னாவுக்குப் பக்கத்தில் உள்ள ஊர். சுமார் நூறு வருஷமாக அந்த ஊருக்கு ஒரே ஒரு பஞ்சாலைதான் சோறு போட்டது. நூற்பு, நெசவு எல்லாம் அங்கேதான். ஆணும் பெண்ணும் அதிலேதான் வேலை பார்த்தார்கள். 1929-க்கும் 1930-க்கும் இடையில் அந்த ஆலை பகுதி பகுதியாக மூடப்பட்டது. ஊரில் மொத்தம் 1,486 பேர், 478 குடும்பங்கள். நான்கில் மூன்று பங்குக் குடும்பங்களில் ஒருவருக்குக்கூட வேலை இல்லை.

அரசாங்கம் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் நிவாரணப் பணம் கொடுத்தது. அதுவும் குறிப்பிட்ட காலத்துக்குத்தான். இடையில் யாராவது சின்ன வேலை செய்து நாலு காசு பார்த்தால் நிவாரணம் நின்றுவிடும். பால் ஊற்றப் போன பெண்ணுக்கும், வாத்தியம் வாசித்துச் சில்லறை வாங்கிய ஆளுக்கும் அப்படி நின்றிருக்கிறது. அக்கம்பக்கத்தார் ஒருவர் மேல் ஒருவர் மொட்டைக் கடிதாசி போடுவதும் அதிகமானது.

கேள்வித் தாளோடு மட்டும் போகவில்லை

1931 கடைசியில் ஆய்வு தொடங்கியது. அந்தக் குழு தனக்கு ஒரு விதி வைத்துக்கொண்டது. சும்மா வேடிக்கை பார்க்க யாரும் ஊருக்குள் போகக் கூடாது. ஒவ்வொருவரும் ஊருக்குப் பயன்படும் ஒரு காரியத்தைச் செய்துகொண்டேதான் தகவல் திரட்ட வேண்டும்.

அதனால் வியன்னாவில் பழைய துணிகளைச் சேகரித்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். யாருக்கு என்ன துணி வேண்டும் என்று கேட்க 100 வீடுகளுக்குப் போனார்கள். கதவு திறந்தது, பேச்சும் வந்தது. இலவசமாக டாக்டர் வந்து பார்த்தார். பெண்களுக்குத் துணி வெட்டும் பயிற்சி நடந்தது. சிறுமிகளுக்கு உடற்பயிற்சி வகுப்பு நடந்தது. குழுவைச் சேர்ந்த ஒரு பெண் ஆறு வாரம் அந்த ஊரிலேயே தங்கினார்.

41 குடும்பங்கள் ஒரு வாரம் என்ன சாப்பிட்டார்கள் என்று எழுதி வைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மதியத்துக்கு என்ன கொண்டுவருகிறார்கள் என்று பார்த்தார்கள். நிவாரணப் பணம் வருவதற்கு முந்தின நாள் பல பிள்ளைகள் கையில் வெறும் காய்ந்த ரொட்டி இருக்கும், அல்லது ஒன்றுமே இருக்காது. பணம் வந்த மறுநாள் சாப்பாடு இருக்கும். கிறிஸ்துமஸுக்கு என்ன வேண்டும் என்று பிள்ளைகளை எழுதச் சொன்னார்கள். பக்கத்து ஊர்ப் பிள்ளைகளைவிட மரியன்தால் பிள்ளைகள் மிகக் குறைந்த விலைப் பொருள்களைத்தான் கேட்டார்கள். ஆசைப்படுவதற்கே அந்தக் குழந்தைகள் பயந்திருக்கிறார்கள்.

அவர்கள் கண்டது என்ன?

வேலை போனால் மக்கள் கொதித்து எழுவார்கள், போராடுவார்கள் என்றுதான் அந்தக் காலத்தில் பலர் நினைத்தார்கள். மரியன்தாலில் நடந்தது நேர் எதிர். மக்கள் சுருங்கிப் போனார்கள்.

ஊரில் தொழிலாளர்களுக்கு ஒரு நூலகம் இருந்தது. முன்பு புத்தகம் எடுக்கக் கட்டணம் உண்டு. ஆலை மூடிய பிறகு கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். கை நிறைய நேரம், புத்தகமும் இலவசம். அப்படியானால் அதிகம் படித்திருக்க வேண்டும் அல்லவா? ஆனால் 1929-க்கும் 1931-க்கும் இடையில், எடுத்துப் போன புத்தகங்களின் எண்ணிக்கை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. சங்கம், கட்சி, நாடகம் என்று எல்லாவற்றிலும் ஆள் குறைந்தது.

ஆய்வாளர்கள் ஒரு ஜன்னல் ஓரத்தில் நின்று தெருவில் நடப்பவர்களைக் கவனித்தார்கள். ஆண்கள் மெதுவாக நடந்தார்கள். நாலு எட்டு வைப்பது, நிற்பது, மறுபடி நாலு எட்டு. பெண்கள் அவர்களைவிட வேகமாக நடந்தார்கள். பல ஆண்கள் கையில் கடிகாரமே இல்லை. மணி பார்க்க வேண்டிய தேவை இல்லை. அன்றைக்கு என்ன செய்தீர்கள் என்று மணிக்கணக்கு எழுதச் சொன்னால், எழுந்ததும் சாப்பிட்டதும் தூங்கினதும்தான் ஞாபகம் இருந்தது. நடுவில் இருந்த நேரம் எங்கே போனது என்று அவர்களுக்கே தெரியவில்லை. விறகு எடுத்துவரச் சொன்னால் மறந்துவிடுவார்கள்.

வறுமை இல்லாமல் இல்லை. யாருடைய நாயாவது காணாமல் போனால் அதைப் பற்றிப் புகார்கூடக் கொடுக்க மாட்டார்களாம். பசித்த வயிறு அதைத் தின்றிருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். அதே ஊரில், உருளைக்கிழங்கு போட வேண்டிய துண்டு நிலத்தில் சிலர் பூச்செடி வளர்த்தார்கள். வெளியே இருந்து பார்ப்பவருக்கு இது பொறுப்பில்லாத்தனம். மனுசனுக்கு வயிறு மட்டும் இல்லை என்று அந்த ஆய்வாளர்கள் புரிந்துகொண்டார்கள்.

பெண்கள் நிலை

இந்த இடம் நாம் கவனிக்க வேண்டியது. பெண்களுக்கும் ஆலை வேலை போனது. ஆனால் சமைக்க, துவைக்க, குழந்தை பார்க்க, கிழிந்ததைத் தைக்க, அரைக் காசில் முழுக் குடும்பத்தை ஓட்ட அவர்களுக்குப் பொழுது போதவில்லை. அந்தப் பெண்களுக்குக் கூலிதான் போனது, வேலை போகவில்லை என்பதை அந்த ஆய்வு தெளிவாக எடுத்துச் சொன்னது.

இன்னொன்றும் இருக்கிறது. ஆலைக்குப் போன காலத்தில் அந்தப் பெண்கள் வீட்டு வேலை, ஆலை வேலை என்று இரண்டு பாரம் சுமந்தார்கள். ராத்திரி வெகுநேரம் கண் விழித்து வீட்டு வேலையை முடிப்பார்கள். இருந்தாலும் ஆலை திறந்தால் திரும்பப் போவோம் என்றே பல பெண்கள் சொன்னார்கள். பணத்துக்காக மட்டும் இல்லை. நாலு சுவருக்குள் அடைந்து கிடப்பதைவிட நாலு பேரோடு இருப்பது அவர்களுக்குத் தேவையாக இருந்தது.

நம் கூட்டத்துக்கு வரும்போது நமக்கும் அப்படித்தானே இருக்கிறது? "சேமிப்புக் கட்டத்தான் வந்தேன்" என்போம். கட்டி முடித்த பிறகும் அரைமணி நேரம் உட்கார்ந்திருப்போம்.

சிறை, நாடுகடத்தல், பிறகும் ஆய்வு

1933-ல் இந்த ஆய்வு புத்தகமாக வந்தது. அதன் பெரும்பகுதியை எழுதியவர் யஹோடா. ஆனால் எழுதியவர்கள் யூதர்கள் என்பதால் அட்டையில் அவர்கள் பெயரே போடவில்லை. அந்தப் புத்தகம் ஆங்கிலத்தில் வர 1971 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

யஹோடா தடை செய்யப்பட்ட தொழிலாளர் இயக்கத்துக்காக ரகசியமாக வேலை பார்த்தார். 1936-ல் கைது செய்யப்பட்டார். உடனே நாட்டைவிட்டுப் போய்விட வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் 1937-ல் விடுதலை கிடைத்தது. இங்கிலாந்துக்குப் போனார். அதற்கு முன்பே கணவரோடு விவாகரத்து ஆகியிருந்தது. மகளை விட்டுப் பிரிந்து பல வருஷம் இருக்க வேண்டி வந்தது.

இங்கிலாந்து போனவர் சும்மா இருக்கவில்லை. பக்கத்திலுள்ள வேல்ஸ் பகுதியில் நிலக்கரிச் சுரங்கங்கள் மூடி, தொழிலாளர்கள் வருஷக்கணக்காக வேலை இல்லாமல் இருந்தார்கள். அவர்களுக்காக ஒரு திட்டம் நடந்தது. அவர்களே கூடிக் காய்கறி, துணி, செருப்பு எல்லாம் உற்பத்தி செய்து, அடக்க விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். ஆனால் கூலி கிடையாது. யஹோடா அவர்களோடு தங்கிப் பார்த்தார். நல்ல மனசோடு செய்த திட்டம்தான். நன்மையும் இருந்தது. ஆனால் இளைஞர்கள் அதில் நிற்கவில்லை. கூலி இல்லாத உழைப்பு உண்மையான வேலைக்கு ஈடாகவில்லை என்று அவர் எழுதினார். அதைப் படித்துத் திட்டத்தை நடத்தியவர் மனம் நொந்து போனார். அதனால் யஹோடா அந்த அறிக்கையைச் சுமார் ஐம்பது வருஷம் அச்சில் கொண்டுவரவில்லை. உண்மையை மாற்றியும் எழுதவில்லை.

1945-ல் அமெரிக்கா போய் மகளோடு சேர்ந்தார். அங்கே பேராசிரியர் ஆனார். 1958-ல், நல்ல மனநலம் என்றால் என்ன என்பது பற்றி ஒரு புத்தகம் எழுதினார். நோய் இல்லாமல் இருப்பது மட்டும் மனநலம் ஆகாது என்பது அதன் சாரம். அதே வருஷம் இங்கிலாந்து திரும்பி, 1965-ல் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் சமூக உளவியல் பேராசிரியர் ஆனார். 2001-ல் 94 வயதில் காலமானார். அவர் மகள் லோட்டே பெய்லின் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் பேராசிரியராக இருந்தார். குடும்பமும் வேலையும் ஒன்றையொன்று கெடுக்காமல் வேலையிடத்தை எப்படி மாற்றி அமைக்கலாம் என்பதுதான் அவர் ஆய்வு. அம்மா விட்ட இடத்திலிருந்து மகள் தொடர்ந்தார் என்று சொல்லலாம்.

வேலை தரும் ஐந்து பலன்கள்

மரியன்தாலுக்குப் போய் ஐம்பது வருஷம் கழித்து, 1982-ல் யஹோடா ஒரு புத்தகம் எழுதினார். வேலையின் வெளிப்படையான பலன் கூலி. அதற்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் ஐந்து பலன்கள் இருக்கின்றன என்றார்.

1. நேரத்துக்கு ஒரு ஒழுங்கு. எத்தனை மணிக்கு எழ வேண்டும், எப்போது ஓய்வு என்று நாளுக்கு ஒரு சட்டகம் கிடைக்கிறது.

2. வீட்டுக்கு வெளியே மனிதர்கள். குடும்பத்தைத் தாண்டி நாலு பேரோடு பேச்சு, பழக்கம், சிரிப்பு.

3. பொதுவான நோக்கம். தனி ஆளால் முடியாததைச் சேர்ந்து செய்கிறோம் என்ற நினைப்பு.

4. மதிப்பும் அடையாளமும். "என்ன பண்றீங்க?" என்று கேட்டால் சொல்ல ஒரு பதில்.

5. கட்டாயமான சுறுசுறுப்பு. மனசு சரியில்லாத நாளிலும் கை கால் அசைய வேண்டியிருக்கிறது.

வேலை போகிற அன்று கூலியோடு இந்த ஐந்தும் ஒரே நாளில் போய்விடுகின்றன. திண்ணையில் உட்கார்ந்திருப்பவரை இப்போது நினைத்துப் பாருங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் வேண்டும். எப்படிப்பட்ட வேலையும் நல்லதுதான் என்று இதற்கு அர்த்தம் இல்லை. உடம்பைக் கெடுக்கும் வேலை, மரியாதை இல்லாத வேலை, கூலி ஏமாற்றும் வேலை மனசையும் கெடுக்கும். வேலையிடத்தை மனிதருக்கு ஏற்றதாக ஆக்க வேண்டும் என்றுதான் யஹோடாவும் சொன்னார். டேவிட் ஃபிரையர் என்ற உளவியலாளர் அவரோடு வேறுபட்டார். பணம் இல்லாததால் நாளைக்கு என்ன என்று திட்டமிட முடியாமல் போவதே பெரிய காயம், அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது என்றார். மாதம் முழுக்கக் கணக்குப் பார்த்து வீடு நடத்தும் நமக்கு அதுவும் உண்மை என்று தெரியும்.

மறுபடியும் அதே ஊரில்

2020 அக்டோபரில் மரியன்தாலில் ஒரு புதிய முயற்சி தொடங்கியது. ஒரு வருஷத்துக்கு மேல் வேலையில்லாமல் இருந்த எல்லோருக்கும், முதலில் பயிற்சி, பிறகு கூலியோடு வேலை என்று வேலைவாய்ப்புத் துறை உறுதி கொடுத்தது. கட்டாயம் எதுவும் இல்லை, விரும்பினால் சேரலாம். தச்சு, தோட்டம், பழுது பார்த்தல் போன்ற வேலைகள். சேர்ந்தவர்களை ஆய்வாளர்கள் கவனித்தார்கள். வருமானம் கூடியது. அதோடு நாளுக்கு ஒழுங்கு, பழக்கவழக்கம், தன் மேல் மதிப்பு எல்லாம் கூடியது. யஹோடா எழுதிய பட்டியல் ஏறக்குறைய 90 வருஷம் கழித்தும் அதே ஊரில் பொருந்தியது.

நாம் என்ன எடுத்துக்கொள்வது?

முதலாவது, வேலை போனவர் ஒதுங்குவது திமிரும் இல்லை, சோம்பேறித்தனமும் இல்லை. இலவசம் ஆன பிறகும் அந்த நூலகத்துக்கு ஆள் வரவில்லை என்பதை ஞாபகம் வையுங்கள். கூட்டத்துக்கு வராத உறுப்பினருக்கு அபராதம் எழுதுவதற்கு முன்னால் இரண்டு பேர் வீட்டுக்குப் போய் வாருங்கள். தவணையைப் பற்றி அன்றைக்குப் பேச வேண்டாம்.

இரண்டாவது, ஐந்து பலன்களில் சிலவற்றை நம்மால் கொடுக்க முடியும். குறித்த நாளில் கூட்டம், பேச ஆள், ஒரு பொறுப்பு. நம் கதையில் வந்த அக்கா வீட்டுக்கு ஊக்குநரும் நாங்களும் பிறகு போனோம். குழுவின் பால் கணக்கை வாரம் இரண்டு நாள் எழுதித் தர முடியுமா என்று அவர் கணவரிடம் கேட்டோம். மில்லில் கணக்குப் பார்த்தவர்தான். முதல் வாரம் வரவில்லை. இரண்டாம் வாரம் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார்.

மூன்றாவது, அதோடு நின்றுவிடக் கூடாது. கூலி இல்லாத வேலை கூலிக்கு ஈடாகாது என்பது வேல்ஸ் பாடம். அவர் எழுதிய கணக்குக்குக் குழு ஒரு தொகை கொடுக்கத் தீர்மானம் போட்டது. சின்னத் தொகைதான். அவருக்கு இன்னும் நிரந்தர வேலை கிடைக்கவில்லை, தேடிக்கொண்டுதான் இருக்கிறார். அக்கா கூட்டத்துக்கு வருகிறார்.

யாராவது வாழவே பிடிக்கவில்லை என்று பேசினால் அலட்சியம் வேண்டாம். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணுக்குப் பேசலாம். வீட்டில் அடி உதை என்றால் பெண்களுக்கான 181 இருக்கிறது.

கூட்டத்தில் செய்து பாருங்கள்

1. ஒவ்வொருவரும் நேற்று காலை எழுந்தது முதல் படுத்தது வரை செய்ததைத் தரையில் கோடு போட்டு, ஒரு மணி நேரத்துக்கு ஒரு புளியங்கொட்டை வையுங்கள். கூலி கிடைத்த நேரம் எத்தனை கொட்டை? கூலி இல்லாத வேலை எத்தனை? உங்களுக்கென்று இருந்த நேரம் எத்தனை?

2. நீங்கள் செய்யும் வேலையில் கூலியைத் தவிர ஐந்து பலன்களில் எவை கிடைக்கின்றன? எது கிடைக்கவில்லை?

3. கடந்த மூன்று மாதத்தில் கூட்டத்துக்கு வராதவர் யார்? அவர் வீட்டில் யாருக்காவது வேலை நின்றிருக்கிறதா? யார் போய்ப் பார்ப்பது?

பேசியதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குப் பிரதிநிதி மூலம் கொண்டுவாருங்கள். மூன்றாவது கேள்விக்குப் பதிலாக ஒரு பெயர் வந்தால், கூட்டமைப்புக் கூட்டம் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். அன்றைக்குச் சாயங்காலமே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.